பாஸ்வேர்ட் சரிதான், பழுது வேறெங்கோ!

அலுவலக மெயிலை அவுட்லுக்கில் சேர்க்கும்போது வரும் தொல்லைகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே. பெரும்பாலான கடிதங்களில் ஒரு வரி தவறாமல் இருந்தது: "பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டேன்." நம்புகிறேன். பதில்கள் அந்த நம்பிக்கையிலிருந்தே தொடங்குகின்றன.

கேள்வி: பிரவுசரில் என் அலுவலக மெயில் ஒரே தடவையில் திறக்கிறது. அதே பாஸ்வேர்டை அவுட்லுக்கில் போட்டால் அந்தச் சின்னப் பெட்டி திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. முதலாளி என்னைத்தான் சந்தேகப்படுகிறார்!
*ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர், கரூர்*

பதில்: பிரவுசரில் திறந்த நொடியிலேயே உங்கள் மீது குற்றமில்லை என்று முடிவாகிவிட்டது. முதலாளியைப் பக்கத்தில் நிறுத்தி அதையே ஒருமுறை செய்து காட்டுங்கள். கணக்கு உயிரோடு இருக்கிறது, பாஸ்வேர்ட் சரி, இன்டர்நெட்டும் இருக்கிறது. தன்னை உள்ளே விடவில்லை என்பது மட்டும்தான் அவுட்லுக்குக்குத் தெரியும். காரணம் புரியாதபோதெல்லாம் அது பாஸ்வேர்டைத்தான் கேட்கும்.

முதலில் யூசர்நேம் கட்டத்தைப் பாருங்கள். செட்டிங்ஸை நாமே நிரப்பும்போது, மெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் அவுட்லுக் தானாக அங்கே போட்டுவிடும். பெரும்பாலான ஹோஸ்டிங் சர்வர்கள் முழு முகவரியைக் கேட்கும். பார்வைக்கு எல்லாம் நிரம்பியிருப்பதால் இந்தக் கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்களா? காப்பி செய்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். கறுப்புப் புள்ளிகளுக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. கையால் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

இரண்டும் சரியென்றால் உங்கள் கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அவுட்லுக் பழையதாகவும் இருந்தால், வழக்கமான பாஸ்வேர்டை எத்தனை தடவை போட்டாலும் ஏற்காது. கூகுள் மெயிலாக இருந்தால் 'ஆப் பாஸ்வேர்ட்' என்று 16 எழுத்தில் தனியாக ஒன்று உருவாக்கிக்கொள்ளலாம்; பாஸ்வேர்ட் கட்டத்தில் அதைத்தான் போட வேண்டும். டூ-ஸ்டெப் போட்டிருந்தால்தான் அதை உருவாக்கவே முடியும், நிர்வாகியும் அதை அனுமதித்திருக்க வேண்டும். புதிய பதிப்புகளில் இந்தச் சிரமம் இல்லை. கூகுளின் லாகின் ஜன்னலே திறக்கும், அங்கே வழக்கம்போல நுழையலாம்.

கேள்வி: பிழை வரும்போது 0எக்ஸ்800சிசிசி0இ என்று எண்ணும் எழுத்துமாக ஏதோ வருகிறது. அதைப் படித்து என்ன பயன்?
*டைல்ஸ் கடை மேலாளர், சேலம்*

பதில்: திரையில் இருப்பதிலேயே மிக உபயோகமான வரி அதுதான். 0இ என்று முடிந்தால் அவுட்லுக்கால் சர்வரை எட்டவே முடியவில்லை. சர்வர் பெயரில் எழுத்துப் பிழை, தப்பான போர்ட் எண், குறுக்கே ஒரு ஃபயர்வால், இப்படி ஏதாவது இருக்கும். பாஸ்வேர்டைக் கேட்கும் கட்டமே இன்னும் வரவில்லை, அதை மாற்றி மாற்றிப் போடுவதில் பலனில்லை. அதே எண் 92 என்று முடிந்தால் சர்வர் கிடைத்துவிட்டது, உங்களை ஏற்க மறுக்கிறது. அப்போது யூசர்நேம், பாஸ்வேர்ட் பக்கம் திரும்புங்கள். போக வேண்டிய வீடு தெரியாமல் தெருவில் நிற்பதும், வீட்டைக் கண்டுபிடித்தும் வீட்டுக்காரர் கதவைத் திறக்காததும் ஒன்றல்லவே!

உதவி கேட்கும்போது "மெயில் வரலை" என்று மட்டும் சொல்லாமல் அந்தப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள். அரை மணி நேர ஃபோன் பேச்சு மிச்சமாகும்.

கேள்வி: 465ஆ, 587ஆ? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*கல்லூரி அலுவலக உதவியாளர், நாகர்கோவில்*

பதில்: இரண்டும் சரி, ஜோடி மாறினால் இரண்டும் தப்பு. 465 என்றால் அதன் பக்கத்தில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். முதலாவது ஆரம்பத்திலிருந்தே பூட்டிய பாதையில் பேசும். இரண்டாவது வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகு பூட்டிக்கொள்ளும். 465ஐப் போட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸைத் தேர்ந்தால் இரண்டு பக்கமும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருக்கும். 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தியதும் வெகுநேரம் சுற்றிவிட்டுத் தோற்றால் இந்த ஜோடியைச் சரிபாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 என்றால் 587தான். உள்ளே வரும் மெயிலுக்கு ஐமேப் என்றால் 993, பாப் என்றால் 995. 25 என்ற எண்ணை யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். அது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி, பல இன்டர்நெட் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பக்கம் அதை அடைத்தே வைத்திருக்கின்றன.

கேள்வி: மெயில் வருகிறது, அனுப்பினால் போகவில்லை. 'ரிலே' என்று ஏதோ எழுதி 550 என்று திரும்பி வருகிறது. ஒரே கணக்குதானே, ஒரு பக்கம் மட்டும் எப்படிக் கெடும்?
*பிரிண்டிங் பிரஸ் உரிமையாளர், சிவகாசி*

பதில்: உங்களுக்குத்தான் ஒரே கணக்கு. அவுட்லுக்குக்கு அது இரண்டு வேலை, இரண்டு சர்வர், இரண்டு தனித்தனி லாகின். இது இப்படி அமைந்ததற்கு வரலாறு காரணம். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறையை ஜான் போஸ்டல் 1982இல் எழுதி வைத்தபோது அதில் பாஸ்வேர்ட் கேட்கும் ஏற்பாடே இல்லை. அன்றைய நெட்வொர்க்கில் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான் இருந்தன, ஒருவரையொருவர் நம்பினார்கள். யார் கொடுத்தாலும் வாங்கி உரியவரிடம் சேர்ப்பதே, அதாவது 'ரிலே' செய்வதே, நல்ல சர்வரின் கடமையாக இருந்தது. விளம்பரக் குப்பை பெருகியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. அனுப்புகிறவர் யார் என்று கேட்கும் முறை 1999இல்தான் தரமாக வந்தது. பெறுவதற்கான பாப், ஐமேப் இரண்டும் 1980களில் பிறந்தபோதே பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டன. அனுப்பும் பக்கத்தில் மட்டும் அது பின்னால் ஒட்டவைத்த ஒரு டிக்காகவே அவுட்லுக்கில் இன்றும் கிடக்கிறது.

அந்த டிக் இருக்கும் இடம்: ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ், உங்கள் கணக்கைத் தேர்ந்து 'சேஞ்ச்', பிறகு 'மோர் செட்டிங்ஸ்'. அங்கே 'அவுட்கோயிங் சர்வர்' என்ற தாவலில் முதல் வரியே 'மை அவுட்கோயிங் சர்வர் ரிக்வயர்ஸ் ஆதென்டிகேஷன்' என்று இருக்கும். அதை டிக் செய்து, அதற்குக் கீழே, உள்ளே வரும் சர்வரின் விவரங்களையே பயன்படுத்து என்ற வரியைத் தேர்ந்து விடுங்கள். சில பதிப்புகளில் 'மோர் செட்டிங்ஸ்' கண்ணில் படவே படாது. அப்போது கன்ட்ரோல் பேனலில் 'மெயில்' என்பதைத் திறந்து உள்ளே போனால் பழைய, முழுமையான பெட்டி அப்படியே கிடைக்கும். எனக்கு அந்தப் பெட்டிதான் பிடிக்கும், எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஆபீஸ் மெயிலை மைக்ரோசாஃப்ட் 365க்கு மாற்றினோம். வெப்சைட் மட்டும் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருக்கிறது. மொபைலில் மெயில் வருகிறது. கணினியில் அவுட்லுக் அமைக்கும்போது சம்பந்தமில்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது, பிறகு பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான்கு பேர் பார்த்துவிட்டார்கள்.
*ஆடிட்டர் அலுவலகம், திருச்சி*

பதில்: வெப்சைட் பழைய இடத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

மெயில் முகவரியை அடித்ததும் சர்வர் எங்கே என்று அவுட்லுக் தானே தேடிப் போகும். எக்ஸ்சேஞ்ச் 2007 காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு இது, பெயர் ஆட்டோடிஸ்கவர். முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள டொமைனை எடுத்துக்கொண்டு நேராக அந்த டொமைனிடமே முதலில் கேட்கும். அங்கே பதில் இல்லையென்றால், டொமைனுக்கு முன்னால் 'ஆட்டோடிஸ்கவர்' என்று சேர்த்து அந்த முகவரியில் கேட்கும். மைக்ரோசாஃப்டின் விவரம் இந்த இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் டொமைனின் முதல் வாசலில் உட்கார்ந்திருப்பது வெப்சைட்டின் ஹோஸ்டிங் சர்வர். அது 'மெயில்தானே, நானே வைத்திருக்கிறேன்' என்று தன் பழைய விவரங்களை நீட்டிவிடுகிறது. சம்பந்தமில்லாத பெயரில் வரும் சான்றிதழ் அந்த ஹோஸ்டிங் நிறுவனத்துடையது. 365 பாஸ்வேர்டை அந்தச் சர்வருக்குக் கொடுத்தால் அது எப்படி ஏற்கும்? நான்கு பேரும் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்திருப்பார்கள், அதனால் எதுவும் நடந்திருக்காது.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். அவுட்லுக் திறக்கிற ஏதாவது ஒரு கணினியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவுட்லுக் படத்தின் மேல் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்யுங்கள். 'டெஸ்ட் இ-மெயில் ஆட்டோகான்ஃபிகரேஷன்' என்று ஒரு வரி கூடுதலாக வரும். அதில் 'கெஸ்ஸ்மார்ட்' என்ற சொல் வரும் இரண்டு டிக்குகளையும் எடுத்துவிட்டு 'டெஸ்ட்' கொடுத்து, 'லாக்' தாவலைப் பாருங்கள். யாரிடம் கேட்டது, யார் பதில் சொன்னது என்று வரிசையாக இருக்கும்.

சரிசெய்யும் முறை: ஹோஸ்டிங் நிறுவனத்திடம் உங்கள் டொமைனுக்கு ஆட்டோடிஸ்கவர் பதில் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள். டிஎன்எஸ்ஸில் 'ஆட்டோடிஸ்கவர்' என்ற பெயர் 'ஆட்டோடிஸ்கவர்.அவுட்லுக்.காம்' என்ற இடத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஹோஸ்டிங் நிறுவனம் இழுத்தடித்தால், டொமைனின் முதல் வாசலைத் தவிர்க்கும்படி ஒவ்வொரு கணினியின் ரெஜிஸ்ட்ரியிலும் ஒரு வரி சேர்க்கலாம்; அதன் பெயர் 'எக்ஸ்க்ளூட் ஹெச்டிடிபிஎஸ் ரூட் டொமைன்', மதிப்பு 1. ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்.

அந்தச் சான்றிதழ் எச்சரிக்கைக்கு மட்டும் 'யெஸ்' கொடுக்கவே கொடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கார்டிகோர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021இல் 'ஆட்டோடிஸ்கவர்' என்ற சொல்லில் தொடங்கும் சில டொமைன்களை வாங்கி, ஒரு சர்வரை வைத்துச் சும்மா காத்திருந்தார்கள். ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 25 வரை, யாரிடமும் எதையும் கேட்காமலேயே, 3,72,072 லாகின் விவரங்கள் அவர்களிடம் வந்து சேர்ந்தன. திரும்ப வந்தவற்றைக் கழித்தாலும் 96,671. சரியான சர்வர் கிடைக்காத மெயில் மென்பொருள்கள், தவறான இடத்தில் பாஸ்வேர்டைக் கொட்டியிருந்தன. உங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கு முழுவதும் மெயிலில்தானே இருக்கும்? தெரியாத பெயர் திரையில் வந்தால் 'கேன்சல்'.

கேள்வி: எல்லோருக்கும் சரியாக இருக்கிறது. என் கணினியில் மட்டும் சான்றிதழ் காலாவதி என்று வருகிறது.
*பள்ளி அலுவலகம், தஞ்சாவூர்*

பதில்: திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கணினியாக இருந்தால் பல வருடம் பின்னால் போயிருக்கும். சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தை உங்கள் கணினியின் கடிகாரத்தை வைத்துத்தான் அவுட்லுக் கணக்கிடுகிறது. தேதியைத் திருத்தியும் மறுநாள் காலை திரும்பப் பின்னால் போனால், மதர்போர்டில் இருக்கும் 2032 எண் போட்ட வட்ட பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆபீஸ் வைஃபையில் யாருக்குமே மெயில் வரவில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டால் வருகிறது. ரவுட்டரையே மாற்றிவிட்டோம், பலனில்லை.
*டிராவல்ஸ் நிறுவனம், மதுரை*

பதில்: சமீபத்தில் யாராவது பாஸ்வேர்ட் மாற்றினார்களா? பல ஹோஸ்டிங் சர்வர்கள், ஒரே இடத்திலிருந்து தவறான பாஸ்வேர்ட் அடுத்தடுத்து வந்தால் அந்த இடத்தின் ஐபி முகவரியையே தடை செய்துவிடும். உங்கள் அலுவலகம் முழுவதும் வெளியே ஒரே ஐபியாகத்தான் தெரியும். ஒரு கணினியிலோ, மேஜை டிராயரில் கிடக்கும் ஒரு பழைய மொபைலிலோ பழைய பாஸ்வேர்ட் இருந்தால் போதும். அது சில நிமிடத்துக்கு ஒருமுறை முயன்று, எல்லோருக்கும் சேர்த்துத் தடை வாங்கிக் கொடுத்துவிடும். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் ஐபியைச் சொல்லித் தடையை நீக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்பே அந்த மொபைலைக் கண்டுபிடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாலைக்குள் திரும்பத் தடை வரும். விண்டோஸின் 'கிரெடென்ஷியல் மேனேஜரிலும்' பழைய பாஸ்வேர்ட் சேமித்திருக்கும், அதையும் நீக்குங்கள்.

கேள்வி: அவுட்லுக் 2010 நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது? ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?
*அரிசி மண்டி, தஞ்சாவூர் மாவட்டம்*

பதில்: மைக்ரோசாஃப்ட் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2020 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது. 2022 அக்டோபர் முதல், வெறும் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் கொடுத்து நுழையும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 365இல் மூடத் தொடங்கினார்கள். 2010க்குத் தெரிந்தது அந்த முறை மட்டும்தான். மாற்றச் செலவாகும் என்பது புரிகிறது. அதுவரை பிரவுசரிலேயே மெயிலைப் பாருங்கள், ஒரு ரூபாயும் செலவில்லை.

கேள்வி: அமைத்துக் கொடுக்கிறேன் என்று ஐடி ஆள் ஃபோனில் என் பாஸ்வேர்டைக் கேட்கிறார். வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகிறது. மறுத்தால் தப்பாக நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
*புதிய ஊழியர், கோவை*

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. அவர் நல்லவராகவே இருக்கட்டும், கேட்கும் முறை தப்பு. நிர்வாகிக்கு உங்கள் பாஸ்வேர்ட் தேவையே இல்லை. உங்கள் கணக்குக்குப் புதிய பாஸ்வேர்ட் போடும் அதிகாரம் அவரிடமே இருக்கிறது. நாளைக்கு உங்கள் பெயரில் ஒரு தவறான மெயில் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். "அண்ணே, நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன்" என்று சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் மென்பொருளைப் போட்டாலும் பாஸ்வேர்ட் கட்டத்தில் உங்கள் விரல்தான் இருக்க வேண்டும். ஓடிபி எண்ணுக்கும் இதேதான். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே மாற்றிவிடுங்கள். ஊழியர்களின் பாஸ்வேர்டை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் முதலாளிகளே, அந்த நோட்டைக் கிழித்துப் போடுங்கள்.

கேள்வி: கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் சரியாகும் என்கிறார்கள். பத்து வருட மெயில் இருக்கிறது. போய்விடுமா?
*மருந்து மொத்த வியாபாரி, மதுரை*

பதில்: கையை எடுங்கள், முதலில் ஒன்றைப் பாருங்கள். அக்கவுன்ட் செட்டிங்ஸில் கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் 'டைப்' என்று ஒரு நெடுவரிசை இருக்கும்.

அங்கே பாப் என்று இருந்தால் உங்கள் பத்து வருடமும் பெரும்பாலும் இந்த ஒரு கணினியில்தான் இருக்கிறது. பாப் முறையில் மெயில் கணினிக்கு இறங்கிவிடும். சர்வரில் நகலை 14 நாள் மட்டும் வைத்துவிட்டு நீக்குவதே அவுட்லுக்கின் வழக்கமான அமைப்பு. இறங்கியதெல்லாம் பிஎஸ்டி என்று முடியும் ஒரு ஃபைலில் இருக்கும், பெரும்பாலும் டாக்குமென்ட்ஸில் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில். அவுட்லுக்கை மூடிவிட்டு அதை வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். கணினியை 'ஃபார்மட்' செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது கிளம்பினால், நகல் எடுக்கும்வரை அவரைக் கணினி பக்கம் விடாதீர்கள்.

ஐமேப் அல்லது எக்ஸ்சேஞ்ச் என்று இருந்தால் மெயில் சர்வரில் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் ஐமேப் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. காலண்டரும் தொடர்புகளும் பக்கத்தில் 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று எழுதிய ஃபோல்டர்களில் இருக்கும். சொன்ன பொருளிலேயே, அவை இந்தக் கணினியில் மட்டும்தான். கணக்கை நீக்கினால் அவையும் போய்விடும். மருந்துக் கடைக்காரர்களின் ஃபோன் எண்கள் அங்கே இருந்தால் முதலில் ஏற்றுமதி செய்து வையுங்கள்.

சோதித்துப் பார்க்க நீக்கவே தேவையில்லை. கன்ட்ரோல் பேனலில் 'மெயில்', 'ஷோ ப்ரொஃபைல்ஸ்', 'ஆட்'. புதிய ப்ரொஃபைலில் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். பழையது தொடாமல் அப்படியே இருக்கும். புதியது ஓடினால் பழைய பிஎஸ்டியை ஃபைல் மெனு வழியாக அதிலேயே திறந்துகொள்ளலாம்.

கேள்வி: 'புதிய அவுட்லுக்குக்கு மாறுங்கள்' என்று மேலே ஒரு பொத்தான் வருகிறது. மாறலாமா?
*வழக்கறிஞர் அலுவலகம், திருநெல்வேலி*

பதில்: உங்கள் மெயில் மைக்ரோசாஃப்ட் 365இல் இருந்தால் மாறிப் பார்க்கலாம். வேறு ஹோஸ்டிங்கில் ஐமேப் கணக்காக இருந்தால் நிதானியுங்கள். கணக்கைச் சேர்க்கும்போது, உங்கள் மெயில் மைக்ரோசாஃப்டின் கிளவுடுடன் ஒத்திசைக்கப்படும் என்று ஒரு பெட்டி வரும். உங்கள் கட்சிக்காரர்களின் கடிதங்கள் மூன்றாவது ஒருவரின் சர்வர் வழியாகப் போகும் என்று அதற்கு அர்த்தம். 'கன்டினியூ' பொத்தானை ஜூனியர் அழுத்தக் கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் சீனியர்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் 365இல் எங்கள் அலுவலகத்தின் பொது முகவரியை, 'இன்ஃபோ' என்று தொடங்குவது, என் அவுட்லுக்கில் சேர்க்கச் சொன்னார்கள். அதன் பாஸ்வேர்ட் யாருக்குமே தெரியவில்லை. பழைய மேலாளரையும் கேட்டாயிற்று!
*ரியல் எஸ்டேட் நிறுவனம், செங்கல்பட்டு*

பதில்: யாருக்கும் தெரியாததற்குக் காரணம், அதற்கு அப்படி ஒன்று தேவையே இல்லை என்பதுதான். அது 'ஷேர்டு மெயில்பாக்ஸ்' ஆக இருக்கும். யாரும் நேரடியாக லாகின் செய்வதற்காக அதை அமைப்பதில்லை, உங்கள் சொந்த லாகின் வழியாகத்தான் திறக்க வேண்டும். புதிய கணக்காகச் சேர்க்க முயல்வதை நிறுத்திவிட்டு நிர்வாகியிடம் 'ஃபுல் ஆக்சஸ்' அனுமதி கேளுங்கள். அவர் கொடுத்துச் சற்று நேரம் கழித்து அவுட்லுக்கை மூடித் திறந்தால், இடப்பக்கம் உங்கள் பெட்டிக்குக் கீழே அது தானாக வந்து நிற்கும். கேட்கும்போதே 'சென்ட் ஆஸ்' அனுமதியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் கடிதத்தைப் படிக்கலாம், அந்த முகவரியிலிருந்து பதில் போகாது.